கொடையும் விலையும்

வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்பர் பெரியோர். வறியவர்க்கு ஈபவன் தன் பெயரை மறைத்தால் அது அடக்கம். ஆட்சியை நாடும் கட்சிக்குப் பொருள் தருபவன் பெயரை மறைப்பதும் அத்தகைய அறமாகுமா?

ஔந்தில் குடியேறி, இம்மாநிலத்தின் வாக்காளராகவும் ஆகிவிட்ட நமக்கு இவ்வினா அயலானதன்று. 1957-இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை வழங்கத் தன் அமைப்பு விதியைத் திருத்த முற்பட்டபோது, அவ்வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவின் அமர்வு திருத்தத்தை அனுமதித்தது. ஆயினும், இவ்வழக்கம் மக்களாட்சிக்கே ஊறு விளைக்கக்கூடும் என எச்சரித்தது. 1969-இல் நாடாளுமன்றம் நிறுவன நன்கொடையைத் தடை செய்தது. 1985-இல் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது.

2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் கொடுப்பவர் பெயரை மக்களிடமிருந்து மறைத்தது. நிறுவனங்கள் தம் மூவாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடுவரையே தரலாம் என்றிருந்த வரம்பும் 2017-இலேயே நீக்கப்பட்டிருந்தது. எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கலாமே, அவரைக் காக்க வேண்டாவா என்றனர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அம்மறைவு யாரிடமிருந்து? கொடுத்தவர் அறிவார், அவர் சொன்னால் பெற்றவரும் அறிவார். அறியாதவர் வாக்காளர் ஒருவரே!

வறியவர் பெற்றதற்குக் கைம்மாறு செய்ய இயலாதவர். ஆட்சியாளரோ உரிமம், ஒப்பந்தம், வரிச்சலுகை என ஆயிரம் வழியில் செய்ய வல்லவர். கைம்மாறு கருதிய கொடை விலையே அன்றோ? 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமையை மீறுகிறது என்று இத்திட்டத்தைச் செல்லாததாக்கியது.

நம் உறவினர் பலர் வாழும் அமெரிக்காவிலும் இதே போராட்டம் உண்டு. அங்கே 1976-இல் உச்ச நீதிமன்றம் வேட்பாளர் செலவுக்கு வரம்பிடுவது பேச்சுரிமையைப் பாதிக்கும் என்றது. ஆயினும் நன்கொடைக்கு வரம்பிடுவதையும், கொடுத்தவர் பெயரை வெளியிடுவதையும் ஏற்றது. நம் நாட்டிலோ வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு. பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 இலட்சம் ரூபாய் என 2022-இல் வகுக்கப்பட்டது. கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. முன்வாசலில் பூட்டு, கொல்லைக்கதவு திறந்தே கிடக்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகக் கருதவில்லை. ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சபை கொண்டிருந்த நெறி இது. நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்திலும் நூறு ரூபாய் தந்தவர் பெயர்கூடக் கணக்கில் படிக்கப்படுகிறது. செலவில் ஐயம் எழுந்தால் எளிய உறுப்பினரும் எழுந்து கேட்கிறார். ஒரு விழாவின் கணக்கைக் கேட்கத் தயங்காத நாம், நாட்டை ஆளப் புகுவோரின் கணக்கைக் கேட்க ஏன் தயங்க வேண்டும்? நம் வாக்கைப் பெற வருவோரிடம் அவர்தம் பொருளின் மூலத்தை வினவுவது குறை காண்பதன்று, குடிமக்களின் கடமை.