தலைமைக்கும் ஒரு பட்டமா?

மருத்துவம் பயின்றவருக்கு மருத்துவப் பட்டம் தருகிறார்கள். சட்டம் பயின்றவருக்குச் சட்டப் பட்டம் தருகிறார்கள். அவ்வாறே தலைமை பயின்றவருக்குத் தலைமைப் பட்டம் தரலாமா? கேட்ட மாத்திரத்தில் வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினா, இன்று வேடிக்கையன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ரிச்மண்ட் பல்கலைக்கழகத்திற்கு 1987ஆம் ஆண்டில் ராபர்ட் ஜெப்சன் எனும் செல்வந்தர் 2 கோடி டாலர் நன்கொடை அறிவித்தார். அக்கொடையின் பயனாக, தலைமைத்துவத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒரு தனிக் கல்விப் புலம் 1992இல் அங்கே திறக்கப் பெற்றது. பள்ளிப் படிப்பை முடித்து 18 வயதில் உள்ளே நுழையும் பிள்ளை, 22 வயதில் தலைமைத்துவத்தில் இளங்கலைப் பட்டதாரியாக வெளியே வருகிறது. தலைமையோடு சமூகப் பணியையும் இணைத்து இதையொத்த படிப்புகள் இன்று வேறு பல கல்லூரிகளிலும் நடைபெறுகின்றன. பிள்ளையின் மேற்படிப்பைப் பற்றி யோசிக்கும் குடும்பங்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று.

தமிழில் 'பட்டம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பல்கலைக்கழகம் தருவதும் பட்டம். மக்கள் மனமுவந்து சூட்டுவதும் பட்டம். முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைக் 'காயிதே மில்லத்' என்று அழைத்தது எந்தப் பல்கலைக்கழகமும் அன்று. அந்தக் 'காயித்' என்னும் அரபுச் சொல்லையே சற்று உற்று நோக்குவோம். அகராதி நூலார் அதற்கு எதிரே 'ஸாயிக்' எனும் சொல்லை வைத்துப் பொருள் உரைப்பர். கால்நடையின் கயிற்றைப் பிடித்து முன்னே நடப்பவன் காயித்; பின்னே நின்று ஓட்டுபவன் ஸாயிக். முன்னே நடப்பவனுக்குப் பின்னே வருவோர் வேண்டும். எவரும் வரவில்லையெனில் அவன் வெறும் வழிப்போக்கனே! நோயாளியே இல்லாத ஊரிலும் மருத்துவன் மருத்துவனாக இருப்பான். அவனது அறிவு அவனிடத்தில் இருக்கிறது. தலைமையோ தலைவனிடத்தில் இல்லை. அவனை நம்புவோரிடத்தில் இருக்கிறது. பிறர் கையில் இருக்கும் ஒன்றைப் பல்கலைக்கழகம் எவ்வாறு எடுத்து வழங்கும்?

இதனினும் ஆழமான ஓர் ஐயப்பாடு நம் மரபிலே உண்டு. ஆட்சிப் பொறுப்பைக் கேட்டுப் பெறலாகாது, கேட்டுப் பெற்றவர் அப்பொறுப்பிடமே விடப்பட்டு விடுவார், கேளாமல் வந்தடைந்தவருக்கோ உதவி கிட்டும் என்ற கருத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் பகர்ந்த அறிவுரை, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. அங்ஙனமாயின், தலைமைக்கான படிப்பில் சேர மனு எழுதும் மாணவன் முதல் நாளிலேயே தலைமையைக் கேட்டவனாகி விடுகிறான் அல்லவா?

ஆயினும் யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றையும் நாம் மறந்துவிட இயலாது. எகிப்து மன்னரிடம், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு அவர்கள் தாமே கேட்டார்கள். காக்கும் திறனும் அறிவும் தமக்கு உண்டெனவும் எடுத்துரைத்தார்கள். இவ்விரண்டையும் இணக்கிக் காட்ட விரிவுரையாளர்கள் பல விளக்கங்களைத் தந்துள்ளனர். அவர் கேட்டது அரியணையை அன்று, தானியக் கிடங்கை என்பதே என் சிற்றறிவில் முதன்மையாகப் படுகிறது. ஏழாண்டு விளைச்சலுக்குப் பின் ஏழாண்டுப் பஞ்சம் வரவிருந்தது; செய்ய வேண்டிய காரியம் கண்முன்னே நின்றது; அக்காரியத்துக்கான அறிவும் அவரிடம் இருந்தது. காரியத்தைக் கேட்பது வேறு, நாற்காலியைக் கேட்பது வேறு. தலைமைப் படிப்பில் சேரும் பிள்ளையிடம் "எதற்குத் தலைவனாகப் போகிறாய்?" என்று வினவினால், ஒரு காரியத்தின் பெயர் அதன் வாயில் வருகிறதா என்று பாருங்கள்.

சரி, அங்கே கற்பிப்பதுதான் என்ன? மேடைப் பேச்சும் கைகுலுக்கும் முறையும் என்று எண்ணிவிட வேண்டாம். ரிச்மண்டில் மெய்யியலார், வரலாற்றாசிரியர், பொருளியலார், உளவியலார் ஆகியோர் ஒருங்கிருந்து பாடம் நடத்துகின்றனர். நீதியும் அறநெறியும் தனிப் பாடங்களாகவே உள்ளன. இத்துறையின் முன்னோடியான ஜேம்ஸ் மெக்கிரெகர் பேர்ன்ஸ் தலைமையைப் பற்றி 1978இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். ஹிட்லர் தலைவனல்லன், வெறும் அதிகாரத்தைக் கையாண்டவன் என்பது அவர் வாதம். ரிச்மண்டில் நெடுங்காலம் கற்பித்த மெய்யியல் பேராசிரியை ஜோன் சியுல்லா இவ்வழக்கிற்கு 'ஹிட்லர் சிக்கல்' என்றே பெயரிட்டார். தலைமை எது என்னும் இலக்கணச் சண்டையை விடுத்து, நல்ல தலைமை எது என்று கேட்க வேண்டும் என்றார். காரியத்தை முடிக்கும் வல்லமையும் அறமும் ஒருங்கே அமைந்ததே நல்ல தலைமை என்றார். இத்தகைய பாடங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றைக் கற்றவரில் தலைவராகப் போகிறவர் சிலரே. ஏனையோர் வாக்களிப்பர், பின்தொடர்வர், வேண்டும்போது எதிர்த்து நிற்பர். பொய்த் தலைவனை அடையாளம் காணும் கண் அவர்களுக்கன்றோ தேவை!

ஆனால் ஏட்டறிவின் எல்லையை நம்மவர் ஒருவரே தயவு தாட்சணியமின்றி வரைந்து காட்டியுள்ளார். இப்னு கல்தூன் 1377இல் எழுதி முடித்த முகத்திமாவில், மனிதர்களுள் அரசியலின் வழிமுறைகளுக்கு மிகத் தொலைவில் இருப்பவர்கள் உலமாக்களே என்று ஓர் அத்தியாயத்திற்குத் தலைப்பிட்டார். முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் பாடம் சொல்லி வரும் என் போன்றோருக்கு அது இனிக்கும் தலைப்பன்று. ஆயினும் அவர் காட்டும் காரணம் சிந்தனைக்குரியது. கற்றோர் பொதுவிதிகளில் பழகியவர்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஒப்பிட்டு முடிவு காண்பவர்கள். நாட்டு நடப்போ பொதுவிதிக்குள் அடங்குவதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒப்புமைக்கு உட்படாத ஏதோ ஒன்று ஒளிந்து கிடக்கிறது. பெஸ், கிரனாடா, தூனிஸ் அரசவைகளில் பணியாற்றி, இடையே சிறைவாசமும் கண்டவர் சொன்ன சொல் இது. கிரேக்க ஞானி பிளாட்டோவும், தம் ஆட்சியாளர்களை 35 வயது வரை கற்பித்த பின் 15 ஆண்டுகள் கீழ்நிலைப் பொறுப்புகளில் உழல விட்டு, 50 வயதில்தான் மேலே ஏற்றுகிறார். நம் காலம் 22 வயதிலேயே சான்றிதழ் எழுதிக் கையில் கொடுத்து விடுகிறது.

இந்தக் குறையை உணர்ந்துதான் 'சமூக ஈடுபாடு' என்னும் பகுதியைப் படிப்போடு சேர்த்தனர் போலும். மாணவன் வகுப்பறையை விட்டு வெளியேறி வறியோர் வாழும் இடங்களில் பணி செய்ய வேண்டும். இந்த எண்ணம் புதிதன்று. 1884இல் லண்டன் மாநகரின் கிழக்கே, வறுமை மண்டிய ஒயிட்சாப்பல் பகுதியில், சாமுவேல் பார்னெட் என்னும் பாதிரியாரும் அவர் துணைவியாரும் டாயின்பி மண்டபத்தை நிறுவினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் அங்கே ஏழை மக்களின் அண்டை வீட்டாராய்த் தங்கினர். பிற்காலத்தில் பிரிட்டனின் சமூகக் காப்புத் திட்டங்களுக்கு அடிகோலிய 1942ஆம் ஆண்டு அறிக்கையைத் தந்த பெவரிட்ஜ், அம்மண்டபத்தில் துணைப் பொறுப்பாளராக இருந்தவரே.

அதே கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் இருந்த ஒரு சிறுவர் மன்றத்திற்கு 1905இல் கிளெமென்ட் அட்லி என்ற இளைஞர் சென்றார். வசதி மிக்க குடும்பம். ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்தவர். வழக்கறிஞர் தொழிலுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தவர். பார்த்துவிட்டு வரப் போனவர் அங்கேயே ஒட்டிக் கொண்டார். 1907இல் மன்றத்தின் பொறுப்பை ஏற்று அவ்விடத்திலேயே குடியேறினார். 1919இல் ஸ்டெப்னியின் மேயரானார், 1922இல் லைம்ஹவுஸ் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர், 1945இல் பிரதமரானார். 1947இல் இந்திய விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றியது அவர் அரசே. முதன்முதலாக அம்மன்றத்தின் வாசலை மிதித்ததற்கும் பிரதமர் மாளிகையில் நுழைந்ததற்கும் இடையே 40 ஆண்டுகள்!

இன்றைய பாடத்திட்டத்தில் அப்பணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பருவம், சில மாதங்கள். இங்கேதான் அறச்சிக்கல் எழுகிறது. மாணவன் வருகிறான், விதவைத் தாயிடமும் வேலையிழந்த தகப்பனிடமும் அவர்தம் துயரக் கதையைக் கேட்கிறான், கேட்டதைப் பற்றித் தன் அனுபவக் கட்டுரை எழுதுகிறான், பேராசிரியர் மதிப்பெண் இடுகிறார். அடுத்த பருவம் வேறொரு மாணவன் அதே வாசலில் நின்று அதே கேள்விகளைக் கேட்கிறான். அந்தத் தாய் மீண்டும் தன் காயத்தைத் திறந்து காட்ட வேண்டும். அவள் ஆசிரியையா, பாடநூலா? ஆசிரியை எனில் அவளுக்குரிய ஊதியம் எங்கே? மெக்சிகோ நாட்டின் குவெர்னவாக்காவில் 1968 ஏப்ரலில், சேவைக்கு வந்திருந்த அமெரிக்க மாணவர்களிடையே கத்தோலிக்கப் பாதிரியார் இவான் இல்லிச் கடுமையாகப் பேசினார். உதவி செய்கிறோம் என்று வராதீர்கள், பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கற்க வந்தவன் கடன்பட்டவன் என்ற உணர்வு அவனுக்கு வேண்டுமல்லவா?

தருமத்தைச் சொல்லிக் காட்டியும் நோவினை தந்தும் பாழாக்கலாகாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. செய்த சேவையை வேலை விண்ணப்பத்தில் மணிக்கணக்கோடு எழுதுவது சொல்லிக் காட்டுதலில் சேருமா, சேராதா? மார்க்கத் தீர்ப்பாக நான் எதையும் கூற முன்வரவில்லை. கட்டாயத்தின் பேரில் செய்யும் நன்மையும் வீணன்று என்பதை நாம் அறிவோம். ஏழு வயதுப் பிள்ளையை, அதன் நிய்யத் பக்குவப்படும் வரை காத்திராமல், தொழப் பழக்குகிறோம். பழக்கம் பின்னர் விருப்பமாக மாறக்கூடும். ஆனால் அப்பயிற்சியின் செலவு நம் வீட்டோடு நிற்கிறது. இங்கோ அந்தச் செலவை ஏழை ஒருவர் ஏற்கிறார்.

ஆகவே இத்தகைய படிப்பில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், கட்டணமும் வேலைவாய்ப்பும் விசாரிப்பதோடு வேறு சிலவற்றையும் விசாரிக்கட்டும். ஒரே குடியிருப்பில் எத்தனை மாதங்கள் பணி? அங்குள்ளோர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கேனும் அது நீளுமா? மதிப்பெண் இடுகையில் அம்மக்களின் கருத்தையும் கேட்கிறார்களா? பிள்ளை எழுதும் கட்டுரையை அவர்கள் படித்துப் பார்க்க, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்க, வழியுண்டா? பட்டமளிப்பு முடிந்த பின் அந்தத் தெருவுக்கு மீண்டும் ஒருமுறை போவாயா என்பதைப் பிள்ளையிடமே கேட்டுக் கொள்ள வேண்டும்; பல்கலைக்கழகத்தின் விவரக் குறிப்பில் அதற்கு விடை இராது.