பெண் குழந்தைக்கு என்ன பெயர்?



சில வருஷங்களுக்கு முன் வேறொரு பங்கிலே வயது முதிர்ந்த ஒரு தாயாருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போயிருந்தேன். "பெயர் என்ன அம்மா?" என்று கேட்டேன். "கோயில்லே வெச்ச பேரு மரியம்மா, சாமி. ஆனா அந்தப் பேரைச் சொல்லி யாரு கூப்பிட்டாங்க? நான் போதும்பொண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்தார். வீட்டிலே நாலாவது பெண்ணாய்ப் பிறந்தவராம். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபது வருஷமாய்த் தெருவிலும் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும், ரேஷன் கடையிலும்கூட, "நீ வந்தது போதும்" என்றே அந்த ஆத்துமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் பெயர்களைக் குறித்து உங்களோடு பேச வருகிறேன்.

நம்முடைய பெயர்களுக்கு என்ன அர்த்தமென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சவரிமுத்து என்கிறோம். சவரி என்பது அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாருடைய பெயர். ஸ்பெயின் தேசத்து நவார் நாட்டிலே அவர் பிறந்த கோட்டையின் பெயரே அது. பாஸ்கு பாஷையிலே 'புது வீடு' என்று பொருள். சின்னப்பன் என்பது பவுல் என்னும் லத்தீன் பெயரின் நேர் தமிழ். சிறியவன் என்று அர்த்தம். யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள். அதையே ஆங்கிலேயர் ஜான் என்றும், ருஷியர் இவான் என்றும் வழங்க, நம் முன்னோர் அருளப்பன் என்று அழகாய்ச் சொன்னார்கள். லாசர் என்றால் கடவுள் உதவினார். 1745-ல் வடக்கன்குளத்திலே ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டப் பிள்ளைக்கு அந்தப் பெயரைத்தான் தேவசகாயம் என்று தமிழாக்கிக் கொடுத்தார்கள். 1752-ல் அவர் வேதசாட்சியாய் மரித்தார். 2022 மே 15-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். வீரமாமுனிவரோ சூசையப்பருக்குத் தேம்பாவணியிலே வளன் என்றே பெயரிட்டார். சூசை என்ற எபிரேயப் பெயர், இன்னும் கூட்டித் தருவார் என்ற பொருளுடையது. அதை அறிந்தே வளன் என்றார். இப்படிப் பொருள் அறிந்து பெயர் வைத்த பெரியோர் வழிவந்தவர்கள் நாம்.

ஆனால் பெயரிலே துக்கத்தையும் ஏற்றி வைக்கலாம். ஆதியாகமத்திலே இராக்கேல் பிரசவ வேதனையில் உயிர் போகும் தறுவாயிலே தன் பிள்ளைக்குப் பெனோனி என்று பெயரிட்டாள். என் துக்கத்தின் மகன் என்று அர்த்தம். பிரிய மனைவியைப் பறிகொடுத்த யாக்கோபுக்கு அந்தத் துக்கம் இல்லையா? இருந்தும் அந்தப் பெயரை அவர் நிலைக்க விடவில்லை. வலது கரத்தின் மகன் என்று பொருள்படும் பெஞ்சமின் என்ற பெயரை வைத்தார். தாயின் கண்ணீரைப் பிள்ளை ஆயுள் முழுதும் சுமக்க வேண்டாமென்று தகப்பன் செய்த காரியம் அது.

நம் நாட்டுப்புறத்திலே குப்பன், குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்கள் உண்டல்லவா? அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டிலே, இதுவாவது தங்கட்டும் என்று குப்பையிலே புரட்டியும், பிச்சை வாங்கியும் வைத்த பெயர்கள். நம்பிக்கை பிழையானதுதான். ஆனாலும் அந்தப் பெயருக்குள்ளே, 'நீ எனக்கு வேண்டும்' என்ற தாயின் தவிப்பு இருக்கிறது. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களிலே அது இல்லை. அடுத்தது ஆணாய்ப் பிறக்கட்டும் என்பதற்காக, பிறந்துவிட்ட பெண்ணின் நெற்றியிலே எழுதி ஒட்டும் மறுப்புச் சீட்டு அது. (ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் அணுவினால் ஆகிறதென்று பள்ளிக்கூடத்துப் புத்தகமே சொல்லுகிறது. பழி மட்டும் தாயின் தலையிலே!)

இது நம்மூர்ப் பழக்கம் மாத்திரமல்ல. மகாராஷ்டிரத்திலே சதாரா ஜில்லாவில் வேண்டாதவள் என்று பொருள்படும் நகுசா, நகுசி என்ற பெயர்கள் பெண்களுக்கு வைக்கப்பட்டு வந்தன. 2011 அக்டோபரிலே அந்த ஜில்லா அதிகாரிகள் ஒரு விழா நடத்தி, அப்படிப்பட்ட 285 பெண்களுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். வேண்டிய பெயரை அந்தப் பெண்களே தேர்ந்துகொண்டார்கள்.

நமக்கு இதில் விசேஷ பொறுப்பு உண்டு. பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசாங்கம் 1992-ல் சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தது. 2001-ல் நம் தருமபுரிக்கும் அது வந்தது. ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கள்ளிப்பால் வேறு, பெயர் வேறு என்று சொல்லுவீர்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பேச்சிலிருந்து பிறக்கின்றன.

1983-ல் பிரசுரமான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 855-ம் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை வைக்காதபடி பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பங்குக் குருவும் பார்த்துக்கொள்ளக் கட்டளையிடுகிறது. அர்ச்சியசிஷ்டவர் பெயரைப் புத்தகத்தில் எழுதிவிட்டால் என் கடமை தீர்ந்தது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். மரியம்மா என்று எழுதிக்கொடுத்த குருவானவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். வீட்டிலே கூப்பிடுகிற பெயரைக் கேட்காமல் விடுவது பெரிய குறை. இனிமேல் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாமியாரும் நாத்தனாரும் பாட்டனாரும் ஒரு பெயரைப் பிடிவாதமாய்ச் சொன்னால் என்ன செய்வது என்று இளந்தாய்மார் கேட்கலாம். எலிசபெத்தம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றத்தார் எல்லாரும் கூடிப் பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைக்கப் பார்த்தார்கள். அந்த அம்மாள் ஒருத்தியாய் நின்று, அருளப்பன் என்றே பெயரிட வேண்டும் என்றாள். நம் குலத்திலே இந்தப் பெயர் யாருக்கு உண்டு என்று அவர்கள் தர்க்கித்தார்கள். பேச முடியாதிருந்த சக்கரியாஸ் பலகை வாங்கி, மனைவி சொன்ன பெயரையே எழுதினார். புருஷர்களே, அந்தப் பலகையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவிலே ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஏற்கெனவே இப்படிப்பட்ட பெயரோடு வளர்ந்துவிட்டவர்கள், அரசிதழிலே பிரசுரித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வழியுண்டு. விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு வீட்டுக்கு வாருங்கள். பழைய ஞானஸ்நானப் புத்தகத்தையும் எடுத்து வைத்திருப்பேன். உங்கள் கோயில் பெயர் என்னவென்று சேர்ந்தே பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பங்குக் குரு