லென்ஸ் மாறினால் கார் மாறுமா?

காரைக்கால் பக்கத்து மண்டபத்தூர் போன்ற கடலோர ஊரில் காரின் முன் இண்டிகேட்டர் லென்ஸை மாற்றுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். பழைய கார்களில் அந்த ஆரஞ்சு மூடியை இரண்டு ஸ்குருக்கள்தான் பிடித்திருக்கும். உப்புக்காற்று அவற்றை எப்போதோ தின்றிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்குருவின் தலை மழுங்காமல் பைய முறுக்கினால்தான் கழன்று வரும். உள்ளே பல்பு ஹோல்டரில் பச்சைக் களிம்பு. ஹோல்டரையும் மாற்று, ரப்பரையும் மாற்று என்பார் மெக்கானிக். போன வருடம் பம்பர், அதற்கு முன் ரேடியேட்டர். இத்தனைக்குப் பிறகும் அதே கார்தான் என்று உரிமையாளர் எதை வைத்துச் சொல்கிறார்?

இதே போன்ற கேள்வி தேரை வைத்து முன்பே எழுந்திருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசர் மெனாந்தர். பாலி மொழிப் பௌத்த நூல் ஒன்று இவரை மிலிந்தன் என்கிறது. தேரில் வந்து இறங்கிய இவரிடம் நாகசேனர் என்ற பௌத்த பிக்கு கேட்டார்: ஏர்க்கால் தேரா? அச்சு தேரா? சக்கரம் தேரா? ஒவ்வொன்றுக்கும் அரசர் இல்லை என்றார். அப்படியானால் தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயர்தான், நாகசேனன் என்பதும் அப்படியே என்றார் பிக்கு.

இந்த வாதம் காரைக்கால் மண்ணுக்குப் புதிதல்ல. வடக்கே காவிரிப்பூம்பட்டினம், தெற்கே சூடாமணி விகாரம் நின்ற நாகப்பட்டினம். இரண்டும் பௌத்தம் தழைத்த துறைமுகங்கள். காரைக்கால் கோயில்பத்துதான் தேவாரம் பாடும் தெளிச்சேரி. அங்கு வழிபட்டபின் ஞானசம்பந்தர் போதிமங்கை வந்ததாகவும், அங்கே அவருடைய அடியார் சரணாலயர் சாரிபுத்தன் என்ற பௌத்தரோடு வாதிட்டதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. ஆளை ஆக்கும் ஐந்து கந்தங்களும் (கூறுகளும்) அழிவதே முத்தி என்றால், புத்தருக்கு நீங்கள் செய்யும் பூசையை ஏற்றுக்கொள்வது யார் என்பது சரணாலயரின் கேள்வி. கூர்மையான கேள்விதான். வென்றவர் தரப்பு எழுதிய கதை என்பதையும் மறக்க வேண்டாம்.

உறுப்புகளுக்கு அப்பால் ஆள் என்று ஒருவர் உண்டா என்பதை 13ஆம் நூற்றாண்டில் சைவ ஆசான் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வேறு வழியில் பிடித்தார். என் கை, என் உடல் என்று சொல்கிறோமே, அப்படிச் சொல்பவர் உடலுக்கு வேறானவராகத்தானே இருக்க வேண்டும்? மனிதருக்கு இது பொருந்தலாம். காரோ எதையும் 'என்னுடையது' என்பதில்லை. அதற்காக நாம்தான் சொல்கிறோம்.

திருவாரூர் தியாகராசர் கோயிலின் ஆழித்தேர் 1920களில் எரிந்து, புதிதாகச் செய்யப்பட்டு 1930இல் ஓடியது. மரம் வேறு, ஆனாலும் அதைத் தியாகராசருடைய தேர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதே வீதி, அதே சுவாமி, அதே வடம் பிடிக்கும் உரிமை. ஊர் மக்கள் தேரின் தொடர்ச்சியை மரத்தில் தேடவில்லை.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் இதில் ஒரு குறும்பு செய்தார். பலகை பலகையாகப் புதுப்பிக்கப்படும் ஒரு கப்பலிலிருந்து கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளுக்குப் போனவர்களுக்கு இது வெறும் கற்பனையாகத் தோன்றாது.

காரைப் பொறுத்தவரை நாகசேனரே சரி. கார் என்பது நாம் ஒப்புக்கொண்ட ஒரு பெயர். அந்த ஒப்புதலை எங்காவது எழுதிவைத்தாக வேண்டும். அதைத்தான் அரசு செய்திருக்கிறது. லென்ஸை மாற்றினால் யாரிடமும் சொல்ல வேண்டாம். வெளிச்சத்தின் நிறம் மட்டும் ஆரஞ்சாக இருக்க வேண்டும். என்ஜினை மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லி பதிவுச் சான்றிதழில் (ஆர்சி) திருத்த வேண்டும். சேஸிஸ் எண் மட்டும் மாறக் கூடாது. வண்டிக்கு ஆன்மா என்று ஒன்றைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்றால் அது அந்த எண்தான். கடலோரத்தில் அந்த எண்ணும் துருப்பிடித்துப் படிக்க முடியாமல் போவதுண்டு. அப்போது ஆர்டிஓவின் அனுமதி பெற்று அதே எண்ணை மறுபடி பொறித்துக்கொள்ளலாம்.