பராக்கு

“செபிக்கையில் பராக்குக்கு இடம் கொடுத்தேன், சுவாமி.” பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வாக்கியம் இது. பராக்கு குற்றமா, அல்லது மனத்தின் இயல்பா? இப்பழைய வினாவை மூளையியல் இன்று வேறொரு வாசல் வழியாக நம்முன் வைக்கிறது.

ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். கண்மூடி ஓய்ந்திருப்பவரிடம் வினாடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்து தாழும் அலையை அவர் கண்டார். இது வெறும் இரைச்சலா, அல்லது இதற்கொரு பணியுண்டா? 1989-இல் பிராங்க்பர்ட்டில் வுல்ஃப் சிங்கரும் உடனுழைத்தோரும் பூனையின் மூளையை ஆராய்ந்தபோது, விலகியிருக்கும் நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடிப்பதைக் கண்டனர். பாஸ்கல் ஃப்ரீஸ் 2005-இல் இதற்கொரு விளக்கம் தந்தார். நரம்பணுக் கூட்டத்தின் ஏற்புத்திறன் தாளத்தோடு ஏறி இறங்குகிறது. கதவு திறந்திருக்கும் கணத்தில் வரும் செய்தி உட்புகும், மூடிய கணத்தில் வருவது வலுவிழக்கும். ஆகவே அனுப்புவோர் தாளமும் பெறுவோர் தாளமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திசைவு செய்திப் பரிமாற்றத்தின் காரணமா, விளைவா என்ற விவாதம் அறிஞரிடையே இன்னும் ஓயவில்லை. எனினும் நம் கவனம் அசையாச் சுடரன்று, வினாடிக்குப் பலமுறை கூடிக் குறைவது என்பதற்குச் சான்றுகள் பெருகியுள்ளன.

புனித தாமஸ் அக்குவினாஸ் இதைக் கேட்டு வியந்திருக்கமாட்டார். மனித பலவீனத்தால் மனம் நெடுநேரம் உயரத்தில் நிற்க இயலாதென அவரே எழுதியுள்ளார். தொடக்கத்தில் கொண்ட நாட்டம் உண்மையாயிருப்பின், அறியாமல் வரும் பராக்கு செபத்தின் பலனை அழிக்காது. வேண்டுமென்றே மனத்தை அலையவிடுவதே பாவம் என்பது அவர் தீர்ப்பு.

ஆனால் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்கே சிங்கர் இடம் தரவில்லை. நரம்புப் பின்னல்களே நம்மை நிர்ணயிப்பதால், சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவேண்டும் என்று 2004-இல் அவர் எழுதினார். (அவர் திருப்பீட அறிவியல் கழகத்தின் உறுப்பினர் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம், எனக்கு மகிழ்ச்சியே.) ஃப்ரீஸும் துணைவரும் 2001-இல் குரங்குகளிடம் கண்டது வேறொன்றையும் காட்டுகிறது: விலங்கு எப்பொருள்மீது கவனத்தைத் திருப்புகிறதோ, அப்பொருளுக்குரிய அணுக்களின் ஒத்திசைவு மிகுகிறது. தாளம் கவனத்தை ஆள்வதுபோல் கவனமும் தாளத்தைத் திருத்துகிறது. அத்திருப்பமும் மூளையின் செயலே என்பார் சிங்கர். இருக்கலாம். ஆயினும் ‘நிறுத்தவேண்டும்’ என்று அவர் யாரை நோக்கிச் சொல்கிறார்? நிறுத்தவும் நிறுத்தாதிருக்கவும் கூடியவரை நோக்கியன்றோ!

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் என்முன் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். என் மனமோ திருவிழாக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தது. மனம் நழுவியது இயற்கை. அதற்காக நான் வருந்தவில்லை. நழுவியதை உணர்ந்தபின்னும், கூட்டல் முடியட்டும் என்று, தலையை மட்டும் அசைத்துக்கொண்டு இன்னும் சற்று நேரம் அங்கேயே இருந்தேன். அந்தச் சற்று நேரத்தை எந்த அலையின்மீதும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.