உப்புநீர் மீன்தொட்டி: கட்டிவைத்தல் என்னும் பிழை

வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி அமைக்கும்போது ஓர் அறக்கேள்வி எழுகிறது. பார்த்து மகிழ்வதற்காக ஓர் உயிரைக் கடலிலிருந்து பிரித்து அடைத்து வைக்கலாமா? நன்னீர்த் தொட்டியைக் குறித்தும் இதைக் கேட்கலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ணமீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளத்திட்டுகளில் பிடிபட்டு வருபவை.

தொட்டி வைப்பதை இறைவனைப் போற்றும் வழியாகவே கண்டவர் ஆங்கில இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ். பிளிமத் பிரதரன் என்ற கண்டிப்பான கிறித்தவக் குழுவைச் சேர்ந்தவர். லண்டன் விலங்கியல் பூங்காவில் 1853இல் மீன்கூடம் திறக்கப்பட்டபோது அதற்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட நூல் கடல்நீர்த் தொட்டியை வசதியுள்ள வீடுகளின் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. கடற்சாமந்தியின் கைகள் விரிவதைக் காண்பவர் படைத்தவனை நினைப்பார் என்று அவர் நம்பினார். நடந்ததோ வேறு. நூலைப் படித்தவர்கள் டெவன் கரையோரப் பாறைக்குழிகளில் இறங்கி அவற்றை வெறுமையாக்கினார்கள். அதற்குத் தன் எழுத்தே காரணம் என்று தந்தை மனம் நொந்ததை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளிவந்த தன் நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார். காஸின் பக்தியைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் அவர் கணக்கில் படைத்தவன் இருந்தான், பார்ப்பவன் இருந்தான்; பார்க்கப்படும் உயிரின் தரப்பில் பேச யாரும் இல்லை.

சமணம் அந்தத் தரப்பிலிருந்தே தொடங்குகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், கொல்லாமை விரதம் பூண்ட இல்லறத்தாருக்கு நேரக்கூடிய ஐந்து பிழைகளைச் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகையாகச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தராமை. வண்டிமாடும் கறவைப்பசுவும் மனத்தில் இருந்திருக்க வேண்டும். மீன்தொட்டியை யாரும் எண்ணியிருக்க முடியாது. ஆனாலும் பட்டியலின் முதற்பிழை தொட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. வேளை தவறாமல் தீனி போடுவது ஐந்தாவது பிழையைத் தவிர்க்குமே ஒழிய முதற்பிழையைத் துடைக்காது. மீன் வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இந்த இடத்தில் செல்லுபடியாகவில்லை.

கட்டிவைத்தல் என்றால் எது? ஓர் உயிர் தான் விரும்பும் இடத்துக்குப் போகவிடாமல் தடுப்பது என்பது உரைமரபு தரும் விளக்கம். இந்த அளவுகோல் எல்லா மீன்களையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. கோமாளி மீன் குஞ்சுப் பருவத்தில் நீரோட்டத்தோடு அலைந்தாலும், ஒரு கடற்சாமந்தியில் குடியேறிய பின் அதைச் சுற்றிச் சில மீட்டருக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்துவிடும். நீல டாங் மீனோ திட்டு நெடுகத் திரிந்து மேய்வது. 400 லிட்டர் தொட்டியே அதற்கு நெருக்கடி. அதை 60 லிட்டர் தொட்டியில் விடுவது எந்த விளக்கத்தின்படியும் கட்டிவைத்தல்தான். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைக் குஞ்சுபொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துகாட்டியிருக்கிறது. அப்படிப் பிறந்த மீனைப் பவளத்திட்டு இழக்கவில்லை. ஆனால் அடைத்து வைப்பதற்காகவே ஓர் உயிரைப் பிறப்பிக்கலாமா என்று கண்டிப்பான சமணர் கேட்டால் அதற்கு எளிதில் பதில் சொல்ல முடியாது.

அதே சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணத்தில் மனநிலையும் அடங்கும்: நிலைதவறிய, கவனமற்ற மனத்தோடு உயிரைப் போக்குவது இம்சை. சிறிய தொட்டியில் கவனமின்மைக்கு உடனே விலை கொடுக்க வேண்டியிருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு அவ்வப்போது உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் குறைவாக உள்ள தொட்டியில் வேகமாக ஏறும்.

புதுத்தொட்டியில் மீனின் கழிவு அம்மோனியாவாகத் தேங்கும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். விலை குறைந்த டாம்செல் மீனை முதலில் விட்டு, அது தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். மீனே இல்லாமல் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதே பாக்டீரியாவை வளர்த்துவிடலாம் என்று தெரிந்த பின் அந்த வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறைக்கும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லைப் பெயர்த்தெடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உலர்ந்த செயற்கைப் பாறையில் அதே பாக்டீரியா குடியேறும், சற்றுக் காலம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இவ்வளவு செய்தாலும் தொட்டி கொல்லாமைக்கு முழுதும் உட்படாது. கோமாளி மீனுக்குத் தீனியாவது ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால். நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது சமணக் கொள்கை; அப்படிப் பார்த்தால் வாராவாரம் பத்து சதவீத நீரை மாற்றுவதும் உயிர்வதையே. துறவிக்கு இது ஆகவே ஆகாது. இல்லறத்தாரின் விரதமோ அளவுபட்டது. தவிர்க்கக்கூடிய வதையைத் தவிர்ப்பதுதான் அவர்களிடம் கேட்கப்படுகிறது.

சலித்துப்போனால் மீனைக் கடலில் விட்டுவிட்டால் பாவம் தீர்ந்தது என்று சிலர் எண்ணக்கூடும். இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய சிங்கமீன் 1985இல் ஃபுளோரிடா கரையோரம் காணப்பட்டது. தொட்டி மீன்களை விட்டதே இதன் தொடக்கம் எனக் கருதப்படுகிறது. இன்று அது கரீபியத் திட்டுகளெங்கும் பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று குறைத்துவருகிறது. ஆகவே கட்டை அவிழ்ப்பதும் வேறோர் இம்சையாகலாம். நன்றாகப் பேணப்பட்ட கோமாளி மீன் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். வாங்குபவர் ஏற்கும் கடமையும் அத்தனை ஆண்டுகளுக்கு உரியது. இடையில் வீடு மாறினாலோ உடல் தளர்ந்தாலோ தொட்டியை யார் பார்ப்பார்கள் என்பதும் அதில் சேரும்.