புள்ளி தீர்ப்பாகாது

பெருநாள் பிறை தேடும் மாலையில் ஒருவர், "அதோ பிறை!" என்று கூவுகிறார். உடனே நாம் தக்பீர் சொல்லத் தொடங்கிவிடுவதில்லை. அவரைப் பொய்யர் என்று ஏசுவதும் இல்லை. காஜியார் அழைத்து விசாரிக்கிறார். அது பிறையாகவும் இருக்கலாம். மேகக் கீற்றாகவும் இருக்கலாம்.

புற்றுநோய் உண்டா என்று பார்க்கும் ஸ்கேன் படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் மட்டும் இந்த நிதானத்தை நாம் ஏன் இழந்துவிடுகிறோம்?

அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். நெடுங்காலம் சிகரெட் குடித்த, 55 முதல் 74 வயது வரையுள்ள 53,454 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை நுரையீரலை சி.டி. ஸ்கேன் எடுத்தனர், மறுபாதியினருக்கு எக்ஸ்ரே. 2011ல் முடிவு வெளியாயிற்று. ஸ்கேனில் சந்தேகம் என்று வந்தவற்றுள் நூற்றுக்கு 96 புற்றுநோயே அல்ல! ஆறிப்போன நோயின் வடுவும், தீங்கற்ற சிறு நெறிக்கட்டியும் புள்ளியாகத் தெரிந்திருந்தன.

இத்தனை தடவை தவறும் சாட்சி நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 20 குறைந்திருந்ததும் அதே ஆய்வில்தான். எஞ்சிய அந்த நாலில் உயிர்கள் இருந்தன.

ஆகவே படம் பொய் சொல்லவில்லை. "இங்கே ஏதோ இருக்கிறது, விசாரியுங்கள்" என்றது, அவ்வளவுதான். மருத்துவர் சில மாதம் பொறுத்து மறுபடம் எடுத்து, புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்; தேவைப்பட்டால்தான் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பார்.

நாமோ விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். செய்தி சம்பந்தி வீடுவரை போய்விடுகிறது. நோயாளியின் முன்னாலேயே அழுகிறோம். பின்னர் ஒன்றுமில்லை என்று தெரிந்தால், மருத்துவரைத் திட்டி, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்கிறோம். வேறு சிலர், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மறுசோதனைக்கே போவதில்லை. அது தவக்குல் அன்று, அலட்சியம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு முடிவை அவனிடம் ஒப்படைப்பதே தவக்குல்.

காத்திருக்கும் அந்த நாட்கள் எளிதானவை அல்ல. இரவில் உறக்கம் வராது, சோறு இறங்காது. அப்போது நோயாளிக்குத் தேவை ஊராரின் அனுதாபம் அன்று; மறுசோதனைக்குக் கூடவே வரும் ஒரு துணை. பிறர் உடலைப் பற்றிய சந்தேகம் நம்மிடம் வந்த அமானிதம். அதை ஊரில் பரப்பவும் கூடாது. விசாரிக்காமல் மூடி வைக்கவும் கூடாது.

சந்தேகத்தில் நிதானத்தையும், சோதனையில் பொறுமையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.