வால்வை மூடிவிட்டுப் பாருங்கள்

முப்பது வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன் நான். இப்போது மொட்டை மாடி அறையில் ஒரு கனத்த கண்ணாடி ஜாடி, பழைய வேக்கம் பம்ப், உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் மூன்றையும் வைத்துக்கொண்டு வெற்றிடம் உண்டாக்கிப் பார்க்கிறேன். ஆய்வகங்களில் போடும் ஸ்டீல் இணைப்புகள் என் கைக்கு எட்டாத விலை. ஏ.சி. கடைப் பித்தளை ஃப்ளேர் நட், காப்பர் பைப், தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாய், இவைதான் என் சாமான்கள்.

சிதம்பரம் கோயிலில் ரகசியத் திரையை விலக்கினால் உருவம் இல்லை. பொன் வில்வ மாலைகள் தொங்குகின்றன. அங்கே வெளியைத்தான் கும்பிடுகிறோம். அந்த வெளி மனிதனுக்கு வாய்க்குமா? இந்தக் கேள்விதான் என்னை மாடிக்கு ஏற்றியது.

இயற்கை வெற்றிடத்தை அனுமதிக்காது என்று அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் நம்பினார்கள். 1643-இல் டோரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து, மேலே காலியிடம் காட்டினார். அங்கும் பாதரச ஆவி இருக்கத்தான் செய்தது. என் கேஜ் 50 மைக்ரான் காட்டும்போதும் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 16 கோடி கோடி மூலக்கூறுகள் மிச்சம். முழு வெறுமை எனக்குக் கிடைக்காது. ஆனால் அதைத் தேடியதில் வேறொன்று கிடைத்தது.

பம்ப் இழுத்து முடித்ததும் வால்வை மூடிவிட்டுக் கேஜைப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். ஒருநாள் முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. அது லீக். சோப்பு நுரை இங்கே உதவாது. காற்று உள்ளேதான் போகிறது, நுரை கிளம்பாது. ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பார்த்தேன். ஒரு காப்பர் பைப்பின் விரித்த முனையில், அதாவது ஃப்ளேரில், மயிரிழைக் கீறல். வெட்டிப் புதிதாக விரித்து முறுக்கினேன், சரியாயிற்று.

இன்னொரு நாள் பி.வி.சி. துண்டு ஒன்றை ஒட்டிப் போட்டிருந்தேன். முள் 60-இலிருந்து 900 வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. ஓட்டை இருந்தால் நிற்காது. குழாயின் சுவரே தான் உறிஞ்சிவைத்த ஈரத்தையும் பசையின் ஆவியையும் விட்டுக்கொண்டிருந்தது. ஜாடியைத் திறந்ததும் அந்தப் பசையின் வாசனை மூக்கில் ஏறியது. மனதில் படிந்த பழைய பழக்கங்களையும் நம் பெரியவர்கள் வாசனை என்றுதானே சொன்னார்கள்! அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

தியானத்தில் மனம் கலைந்தால் எல்லாரும் வெளியே கை காட்டுகிறோம்: தெருச் சத்தம், போன், வீட்டுச் சண்டை. அவை லீக். அடைத்துவிடலாம். கதவை மூடியும் எழும் கோபமும் ஆசையும் சுவரிலிருந்து வருபவை. அவற்றுக்கு நட்டை முறுக்கிப் பயனில்லை. அதிகம் முறுக்கினால் ஃப்ளேர்தான் கிழியும். பம்பை ஓடவிட்டுப் பொறுமையாக உட்கார வேண்டும். அப்படி ஓடவிட்டதில் மூன்றாம் நாள் அதே பி.வி.சி. 400-இல் நின்றது.

நல்ல இடமும் நல்ல காலமும் அமையட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையில் இருக்கும் மலிவான குழாயை வைத்தே தொடங்குங்கள். ஆனால் ஏறுவது ஓட்டையாலா, வாசனையாலா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.